காற்றுவேகமானியின் பின்புறம்

கருங்கல் சந்தைக்கு எதிரே மொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் குளோரிக்கு வயது நாற்பத்தேழு. கணவர் மஸ்கட்டில் இருக்கிறார். கல்யாணத்துக்கு முன் பதினொரு வருஷம் அவள் பெங்களூரில் விமானங்களுக்கான கம்பிக்கட்டுகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். நூறு கம்பிகள் சேர்ந்து போகும் கட்டில் ஓர் இழை அறுந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளர்களே, "குளோரியிடம் காட்டு" என்பார்கள். அந்தப் பேர் அவளோடு ஊருக்கும் வந்தது.

அதைக் கேள்விப்பட்டுத்தான் இரண்டு வருஷத்துக்கு முன் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கமருதீன் அவளைத் தேடி வந்தார். கப்பலில் முப்பது வருஷம் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பில் கொட்டகை போட்டு, பெட்டிகளில் வந்த பாகங்களைக் கொண்டு இரண்டு பேர் உட்காரும் சிறிய விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். உடலும் இறக்கையும் முடிந்துவிட்டன. ஃபைபர் வேலை முழுவதும் குளச்சலில் படகு கட்டும் ஜான்ரோஸ் செய்தது. இனி விமானிக்கு முன்னால் இருக்கும் பலகையில் கருவிகளைப் பொருத்த வேண்டும்.

"கடல்ல ஓடுத சாமானம்னா நானே செய்வேன்" என்றார் கமருதீன். "இது எனக்கக் கைக்கு அடங்காது. நீ வரணும்."

குளோரி வாரத்தில் மூன்று நாள் மதியத்துக்கு மேல் கடையைப் பூட்டிவிட்டுப் போனாள். முதலில் அட்டையில் வெட்டி, எந்தக் கருவி எங்கே இருந்தால் விமானியின் கண் எளிதில் போகும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பிறகு அலுமினியத் தகட்டில் வட்டங்கள் வரைந்து துளையிட்டு, அரம் கொண்டு தேய்த்து எடுத்தாள். திசைகாட்டிக்குப் பக்கத்தில் இரும்புத் திருகாணி இருந்தால் அது தவறான திசையைக் காட்டும் என்று சொல்லி, பித்தளைத் திருகாணிகளுக்காகக் கமருதீனை நாகர்கோவிலுக்கு அனுப்பினாள். ரேடியோவைத் தாங்கும் தட்டைப் பொருத்தி, கம்பிகளை நூலால் வரிசையாகக் கட்டியபோது ஜான்ரோஸ் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஐம்பத்தைந்து வயது, அதிகம் பேசாத ஆள்.

"மாலை கட்டின மாதிரி இருக்கு பிள்ளே" என்றார்.

குளோரிக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அப்போதே அவள் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷமாகக் கிட்டப் பார்வை மங்கிவிட்டது. கடையில் உருப்பெருக்கி விளக்கு இருப்பதால் யாருக்கும் தெரியவில்லை. தையற்காரிக்கும் வாத்தியாருக்கும் கண்ணாடி வரும், அதில் ஒன்றுமில்லை. குளோரிக்கு வந்தது என்று தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தாள். கண்ணாடி வாங்கவே இல்லை.

கடைசியாகக் காற்றுவேகமானி. இறக்கையின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் குழல் எதிர்க்காற்றை வாங்கும். விமானத்தின் பக்கவாட்டில் உள்ள சிறு துளை அசையாத காற்றை எடுக்கும். இரண்டிலிருந்தும் மெல்லிய குழாய்கள் கருவியின் பின்புறத்துக்கு வருகின்றன. எதிர்க்காற்று கூடக் கூட முள் ஏறும். இறக்கைக்குள் குழாய் போட்டவர் ஜான்ரோஸ். அவற்றைக் கருவியில் இணைக்க வேண்டியது குளோரி. கருவியின் பின்னால் இரண்டு வாய்களுக்கும் பக்கத்தில் ஒவ்வோர் எழுத்து பொறித்திருந்தது. பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தாள். இரண்டு எழுத்தும் கலங்கலாக ஒன்றுபோலவே தெரிந்தன. பெங்களூரில் பார்த்த கருவியில் எதிர்க்காற்றுக் குழாய் இடப்பக்கம் வரும். அந்த நினைப்பில் இடப்பக்கமே மாட்டினாள்.

அது சரிதானா என்று கண்டுபிடிக்கச் சோதனை உண்டு. ஊசியில்லாத சிரிஞ்சை இறக்கைக் குழலின் வாயில் மாட்டி மெதுவாக அழுத்தினால் முள் ஏற வேண்டும். ஐந்து நிமிஷ வேலை. ஆனால் அன்று விமானத்தை ஏற்றிப்போக லாரி வந்து நின்றது. கமருதீனின் சொந்தக்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர் சோதனைத் தாளை நீட்டினார். அவள் "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

பறப்பதற்கு இன்னும் அனுமதி வரவில்லை. தரையில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. வேலை நின்றுபோன ஓர் உப்பளத்தின் காய்ந்த தரையை அதற்குக் கேட்டு வாங்கியிருந்தார். மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கமருதீன் ஏறி உட்கார்ந்து இன்ஜினை முடுக்கினார். குறிப்பிட்ட வேகம் வந்ததும் குறைக்க வேண்டும். முள் சுழியத்திலேயே நின்றது. வேகம் வரவில்லை போல என்று இன்னும் கொஞ்சம் முடுக்கினார். கண் முள்ளில் இருந்ததால் வரப்பு நெருங்கியதைத் தாமதமாகத்தான் பார்த்தார். முன் சக்கரம் வரப்பில் மோதி ஒடிந்தது. விமானம் சாய்ந்து, இறக்கை தரையைக் கீறிக்கொண்டு நின்றது. புரொப்பல்லர் சிதறியது. கமருதீனுக்கு இடது மணிக்கட்டு முறிந்தது.

இறக்கைக் குழலுக்குள் மண் அடைத்திருந்தது. கீறியபோது புகுந்த மண்ணா, முன்பே இருந்ததா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இரண்டு நாளைக்கு முன் அந்தக் குழலின் மூடி கழன்று கிடந்ததைப் பார்த்த நினைவு கமருதீனுக்கு இருந்தது.

"குளவி கூடு கட்டியிருக்கும்" என்று ஜான்ரோஸிடம் சொன்னார், வலியோடு. "மூடியைப் போடுதது ஒனக்க வேலையில்லா? நான் செத்திருப்பேன். இனி இங்கோட்டு வரண்டாம்."

"நான் காலையில ஊதிப் பாத்தேன் சார்" என்றார் ஜான்ரோஸ். பிறகு கருவிப்பையை எடுத்துக்கொண்டு உப்பளத்தின் வரப்பில் நடந்து போனார்.

விமானத்தை லாரியில் கொட்டகைக்கே திருப்பிக் கொண்டுவந்தார்கள். மறுநாள் மதியம் அங்கே யாருமில்லை. குளோரி கடையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியைக் கொண்டுபோய்ப் பலகைக்கு அடியில் படுத்தாள். எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. இந்தக் கருவியில் எதிர்க்காற்று வலப்பக்கம். அவள் குழாய்களை மாற்றி மாட்டியிருந்தாள். சிறிது நேரம் அப்படியே படுத்துக் கிடந்தாள். பிறகு இரண்டையும் கழற்றிச் சரியாக மாட்டினாள். வெளியே வந்தபோது கட்டுப் போட்ட கையோடு கமருதீன் வாசலில் நின்றார்.

"பேனல்ல ஒண்ணும் கொழப்பமில்லேல்லா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள்.

அந்த வார்த்தை தன் வாயிலிருந்து அவ்வளவு எளிதாக வந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லோரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது வாய் மட்டும் அசைந்தது. மஸ்கட்டிலிருந்து கணவர் அழைத்து, "பிளேன் என்னாச்சு?" என்று கேட்டபோது, குளவி என்று சொன்னாள். அவரிடம்கூடப் பொய்யே சொன்னாள்.

ஏழாம் நாள் ஜான்ரோஸ் கடைக்கு வந்தார். போனைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்திருக்கிறார் என்று கையை நீட்டினாள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு காரியம் கேக்க வந்தேன் பிள்ளே. நீ படிச்சவ. எனக்கக் குழாயில என்ன தப்புன்னு சொல்லு. குளவின்னா நான் ஊதினப்ப தெரிஞ்சிருக்கணும். எங்கயோ மடங்கியிருக்கணும். தெரிஞ்சா நாளைக்கு வேறொரு வேலையில வராதில்லா."

அவர் குத்திக்காட்டிப் பேசவில்லை. உண்மையாகவே கற்றுக்கொள்ள வந்திருந்தார். குளோரி உருப்பெருக்கி விளக்கை அணைத்தாள், மறுபடி போட்டாள்.

"எனக்குத் தெரியலண்ணே."

"சாரமில்ல, போட்டும்" என்று எழுந்து போனார்.

பஸ் நிறுத்தத்தில் அவர் நிற்பது கடையிலிருந்தே தெரிந்தது. பஸ் வந்து அவர் ஏறும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கடையைப் பூட்டிவிட்டு நேரே தேங்காய்ப்பட்டணம் போனாள்.

கமருதீனும் அவர் மனைவி ஜுபைதா பீவியும் முன்னறையில் இருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். கண் தெரியாததை, ஊகித்து மாட்டியதை, சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதை, பிறகு யாரும் பார்க்காமல் மாற்றியதை.

கமருதீன் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"எப்ப மாத்தின?"

"அடுத்த நாளே சார்."

"நான் வாசல்ல நின்னு கேட்டேனே, அப்பவா?"

"அதுக்குக் கொஞ்சம் முன்ன."

"கை மாறிப் போகும், மனுஷன் தானே. கண்ணு தெரியலன்னு சொல்லியிருந்தா நான் டார்ச்சு பிடிச்சிருப்பேன் மோளே" என்றார். "ஆனா நீ ஆறு நாளு ஒரு மனுஷனை அந்த நெலையில விட்டுட்டல்லா." பிறகு தன் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். "நானும் ஒரு வார்த்த விசாரிக்காம அவனை எறக்கிவிட்டேன்."

ஜுபைதா பீவி தேநீர் கொண்டுவந்து வைத்தார். குளோரியால் குடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை அவள் தனியாகக் குளச்சலுக்குப் போனாள். ஜான்ரோஸ் ஒரு படகின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தார். உடன் வேலை செய்கிறவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஒதுக்குப்புறமாகக் கூப்பிட வேண்டாம் என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். அவர்கள் காதில் விழும்படியே சொன்னாள்.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். "அப்ப எனக்கக் குழாயில தப்பில்ல."

"இல்லண்ணே. நேத்து நீங்க கேட்டப்பவும் எனக்குத் தெரியும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வெயில்ல நிக்காத பிள்ளே, போ" என்று மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

அன்று மாலையே கமருதீன் நேரில் போய் அவரைத் திரும்ப அழைத்துவந்தார். இறக்கையைச் சரிசெய்ய ஐந்து மாதம் ஆனது. குளோரி கண்ணாடி போட்டுக்கொண்டு பலகை முழுவதையும் கழற்றி முதலிலிருந்து பொருத்தினாள். சோதனைத் தாளில் தான் எழுதிய "சரி"யை அடித்து, நடந்ததைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இந்தமுறை கமருதீன் அவளைப் புதிய தாளில் ஒப்பமிடச் சொல்லவில்லை. வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து ஒவ்வோர் இணைப்பையும் பார்க்கச் செய்தார். அது நியாயம் என்று அவளுக்குத் தெரியும். அந்த மனிதர் பலகைக்கு அடியில் படுத்திருந்த இரண்டு மணி நேரமும் அவள் தோப்பில் போய் நின்றாள். ஒரு குறையும் இல்லை என்றார் அவர்.

அனுமதி வந்து, போன தையில் வெளியூர் மைதானம் ஒன்றில் விமானம் பறந்தது. இறங்கியதும் எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஜான்ரோஸ்தான் ஓரமாக நின்ற குளோரியைக் கையைப் பிடித்து நடுவில் நிறுத்தினார்.

அந்தப் படம் இப்போது கமருதீன் வீட்டு முன்னறையில் தொங்குகிறது. வருகிறவர்கள் கேட்டால், "மெஷினெல்லாம் வச்ச பிள்ள அதுதான்" என்கிறார் ஜுபைதா பீவி. குளோரி அந்த வீட்டுக்குப் போனால் முன்னறையைத் தவிர்த்து, அடுக்களை வழியாகத்தான் போகிறாள்.