தீக்காயம் இல்லாதவள்

எங்கள் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிகளில் வெடித்துவிட்டால் முதலில் தோலைத்தான் பார்ப்பார்கள். வெந்தவர்களை வாழை இலையில் கிடத்தி வண்டியில் ஏற்றுவார்கள். வேகாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் கடைசி. மழை பொய்த்துக் காடு தரிசாகக் கிடந்ததால், ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு கம்பெனிக்கு நானும் அக்காவும் திரி வெட்டப் போனோம். தீபாவளி சீசனில் ஒருநாள் மருந்து கலக்கும் ரூம் வெடித்தது. பெயர்ந்து பறந்த கதவு அக்காவின் தலையில் அடித்ததை நான் கண்ணால் பார்த்தேன். விழுந்தவள் கொஞ்ச நேரத்தில் தானாகவே எழுந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். போர்மேன் அவள் கையைத் திருப்பிப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, பாவி மனுஷன்.

வீட்டில் அக்காவின் மாமியார் வைத்ததுதான் சட்டம். அக்கா புருஷன் தாய் கிழித்த கோட்டைத் தாண்டாத ஆள். மருமகள் தீயில் சிக்காமல் இருந்தால் அவளுக்கு முடியிறக்குவதாக அம்மனுக்கு அந்த அம்மாள் நேர்ந்திருந்தாள். வெடியில் தப்பியவர் மொட்டை போட்ட பிறகுதான் மறுகாரியம் என்பது எங்கள் ஊர் வழக்கம். அக்காவோ தலைவலி தாங்காமல் சுருண்டு கிடந்தாள். தின்றதை எல்லாம் வாந்தி எடுத்தாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொன்னாள். பயந்த கோளாறு, நேர்த்தியைச் செலுத்தாததால் ஆத்தா படுத்துகிறாள் என்றாள் மாமியார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அடிபட்டது தலையில அத்தை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து முடி எறக்குவோம்."

"ஆத்தாவுக்குச் சொன்னதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரியா? மேலுல ஒரு பொட்டுத் தீக்காயம் இருக்கா, காட்டு பாப்போம்."

வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தார்கள். உட்கார முடியாமல் சாய்ந்த அக்காவை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு மொட்டை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள், கோயில் வாசலில் பொங்கல் வைத்துச் சாப்பிட்டார்கள். நல்லாத் தின்றார்கள். திருநீறு வாங்க நீட்டிய அக்காவின் வலது கை துவண்டு விழுந்தபோதுதான் புருஷனுக்கே பயம் வந்தது. விருதுநகர் டாக்டர் அவள் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, உடனே மெட்ராஸுக்கு ரயிலேற்றச் சொன்னார்.

தலைக்குள் படம் பிடிக்கும் ஸ்கேன் எல்லாம் அப்போது ஏது? மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு பெட்டி வந்திருந்தது. டாக்டர் அக்காவின் காதுக்கு மேலே எண்ணெய் தடவி, ஒயர் கோத்த ஒரு குழலை வைத்து அழுத்தினார். சின்னத் திரையில் பச்சைக் கோடு துள்ளியது. நம் காதுக்குக் கேட்காத சத்தத்தை அது உள்ளே அனுப்பும், மூளையின் நடுவில் பட்டுத் திரும்பி வரும், எந்தப் பக்கம் வைத்தாலும் நடு ஒரே இடத்தில் தெரிய வேண்டும் என்று அவர் எனக்குப் பொறுமையாகச் சொன்னார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வைத்துக் காட்டினார். ஒத்துவரவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு இட்லி தின்னும் நேரம்கூட ஆகவில்லை.

"உள்ள ரத்தம் கட்டி மூளைய ஒரு பக்கமா தள்ளியிருக்கும்மா. இத்தனை நாள் என்ன பண்ணீங்க?"

"முடி எறக்குனோம் சார்," என்றேன்.

அவர் மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றைக்கே ஆபரேஷன் செய்து ரத்தத்தை எடுத்தார்கள். அக்கா கண் விழிக்கவே இல்லை.

உடலை ஊருக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டினோம். மாமியார்தான் தண்ணீர் ஊற்றினாள். கையிலும் காலிலும் மஞ்சளைத் தேய்த்துக்கொண்டே, சுற்றி நின்ற பெண்களிடம் பெருமையாகச் சொன்னாள்:

"மகராசி, ஒரு பொட்டுத் தீக்காயமில்லாமப் போய்ச் சேந்துட்டா."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ தெரியாது. அவள் கையை வெடுக்கென்று பிடித்து, அக்காவின் மொட்டைத் தலையில் இருந்த தையலின் மேல் வைத்து அழுத்தினேன்.

"காயம் இங்கன இருக்கு. நல்லாத் தொட்டுப் பாருங்க."

அவள் கையை உதறிக்கொண்டு, மறுபடியும் காலுக்கு மஞ்சள் தேய்க்கப் போனாள்.