நாலு விரல் இருட்டு

முந்தாநாள் மாலை தம்பி மகள் யாழினி மடிக்கணினியோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் இது ஒரு விளையாட்டு. இணையதளம் வடிவமைப்பது அவள் வேலை. தருமபுரியில் வீட்டிலிருந்தபடியே எந்தெந்த ஊர்க்காரர்களுக்கோ செய்துகொடுக்கிறாள். பார்த்தே தீர வேண்டிய தளங்கள் என்று யாராவது பட்டியல் போட்டிருந்தால் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டுவாள், நான் குறை சொல்லுவேன். எழுத்துகள் நாலா பக்கமிருந்தும் பறந்து வந்தால், "ஒரு எடத்துல உக்காரச் சொல்லும்மா, படிக்கணுமில்ல" என்பேன். தொட்டதும் படம் குலுங்கினால், "இதுக்கென்ன குளிர் காய்ச்சலா?" விழுந்து விழுந்து சிரிப்பாள். எனக்கும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்ததற்குத் தயாராவதில் ஒரு சுகம். குறை சொல்வதில் அப்படி ஒரு ருசி இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

கடைசியாக ஒன்று திறந்தாள். திரை முழுக்கக் கறுப்பு. ஒன்றுமே வரவில்லை.

"என்னம்மா, கரன்ட் போச்சா?" என்றேன்.

சிரித்தாள். வழக்கமான சிரிப்பு இல்லை. அதற்குள் கறுப்பின் நடுவில் ஒரு சின்னச் சுடர் எழுந்தது, அதன் வெளிச்சத்தில் ஒரு அகல் விளக்கு தெரிந்தது, பிறகு வரிசையாக விளக்குகள். விளக்கு விற்கிற ஒரு கடையின் பக்கம். "இது நான் செஞ்சதுங்க பெரியப்பா" என்று சொல்லி மூடிவிட்டு எழுந்தாள். கையை எடுக்கும்போது அவள் நகத்தில் பூசியிருந்த சாயத்தின் வாசனை குப்பென்று வந்தது. பச்சை நிறம். அந்த வாசனையும் அந்தப் பச்சையும் என்னைக் கொண்டுபோய்க் காதர் பாய் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டன. நாற்பது வருஷமாக நான் போகாமல் தப்பித்துக்கொண்டிருக்கிற வாசல் அது.

எண்பதுகளில் தருமபுரியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் நான் மாஸ்டர். அடித்துக்கொடுத்த தாளில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் தொழில் என்பதால் பார்க்கிற எல்லாவற்றிலும் தப்புக் கண்டுபிடித்தேன். போதாக்குறைக்கு ஒரே ஒரு தடவை மைசூர் தசராவுக்குப் போய் அரண்மனை விளக்குகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அதையும் கூட்டத்துத் தலைகளுக்கு நடுவே பாதிதான் பார்த்தேன், ஆனால் பேச்சு மட்டும் ஒரு வருஷத்துக்கு ஓடியது. நல்லம்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரில் திருவிழாவுக்கு சீரியல் லைட் போட்டி வைத்தார்கள். நடுவராக யாரைப் போடுவது என்று வந்தபோது, மைசூர் பார்த்தவர் என்று என்னைப் போட்டுவிட்டார்கள். கூட இருந்த இரண்டு பேரும் ஊர்ப் பெரியவர்கள். மாஸ்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள்.

காதர் பாய் பஸ் ஸ்டாண்டு பக்கம் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். சீசன் வந்தால் சேலத்துக் காண்ட்ராக்டர் ஒருவரிடம் ஆளாகப் போய், அவர் சொன்ன இடத்தில் மயிலையும் சக்கரத்தையும் கட்டிவிட்டு வருவார். அந்த வருஷம்தான் முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு செட். ஜெயித்தால் கோப்பையோடு அடுத்த வருஷத் திருவிழா லைட் வேலை முழுக்க அவருக்கு. பிறகு சேலத்துக்காரரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. போட்டிக்கு நாலு நாள் முன்னால், "வூட்டுக்கு வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க மாஸ்டர்" என்று கூப்பிட்டார். நடுவர் இப்படி முன்கூட்டியே போகலாமா என்றெல்லாம் அன்றைக்கு எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வாசல் முழுக்க அரக்குச் சாய வாசனை. அவர் சம்சாரம் உட்கார்ந்து குட்டிக் குட்டி பல்புகளைப் பச்சைச் சாயத்தில் தோய்த்துக் கம்பியில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். டீ கொடுத்த விரல்களெல்லாம் பச்சை. உள்ளே ஒரு மர உருளை. அதைச் சுற்றிச் செப்புத் தகடுகள் அடித்திருக்கும். மோட்டார் உருளையைச் சுற்றும்போது எந்தத் தகடு கம்பியைத் தொடுகிறதோ அந்த வரிசை பல்பு எரியும். மயில் தோகை விரிப்பதும் சக்கரம் சுற்றுவதும் இவ்வளவுதான் சூட்சுமம்.

காதர் பாய் செய்திருந்தது மழை. மேகம் கூடியது, மின்னல் வெட்டியது, நீலத்தில் மழை இறங்கியது. பிறகு மொத்தமும் அணைந்தது. நான் வாயைத் திறக்கப் போனேன். "பொறுங்க மாஸ்டர்" என்று விரலை மடக்கி முணுமுணுவென்று எண்ணினார். பத்து வந்ததும் கீழே ஒரு ஓரத்தில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி. அப்புறம் இரண்டு, அப்புறம் ஒரு வரிசை. கேழ்வரகுக் கொல்லை ஒன்று முளைத்து நிமிர்ந்து கதிர் வாங்கி நின்றது. வானம் பார்த்த பூமியில் பிறந்தவன் நான். மழை பெய்த பிறகு முளைக்குமா முளைக்காதா என்று காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும். நிஜமாகவே உடம்பு சிலிர்த்தது.

உருளையில் தகடு அடிக்காமல் விட்டிருந்த இடத்தைக் காட்டினார். நாலு விரல் அகலத்துக்கு வெறும் மரம். "இந்த இருட்டுலதாங்க சமாச்சாரமே இருக்குது" என்றார். "பிரமாதம் பாய், கப்பு உங்களுக்குத்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு வந்தேன்.

போட்டியன்று பொழுது இறங்கியதும் செட்டுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டார்கள். என் கையில் மைக். சேலத்து மயிலுக்கு நல்ல கைதட்டல். காதர் பாயின் மழை பெய்து முடிந்து இருட்டு வந்தது. எங்கள் ஜில்லாவில் அன்றைக்கு நாளுக்கு நாலு தடவை கரன்ட் போகும். இருட்டைக் கண்டதும் ஜனங்களுக்குத் தானாகவே வாய் வந்துவிடும். "டேய், கரன்ட் போச்சுடோய்!" என்று விசில் பறந்தது.

நான் சொல்லியிருக்க வேண்டியது ஒரே வார்த்தை. பொறுங்க. அதைத்தான் அவர் எனக்குச் சொல்லியிருந்தார். நான் சொன்னதோ, "பாய், மழ பேஞ்சா நம்மூர்ல கரன்ட் புடுங்கிருவாங்கன்னு கரெக்டா காமிச்சிட்டீங்க!" மைதானமே அதிர்ந்தது. அத்தனை பேர் சேர்ந்து எனக்காகச் சிரித்து அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. உருளை சுற்றிக்கொண்டு மறுபடி இருட்டுக்கு வந்தது. எனக்குத்தான் அதன் நீளம் தெரியுமே! மைக்கிலேயே எண்ணினேன். "ஒண்ணு... ரெண்டு... மூணு... லைன்மேனுக்குச் சொல்லி அனுப்பட்டுங்களா பாய்?" சிரித்துப் புரண்டார்கள். முதல் பச்சைப் புள்ளி வந்ததை ஒருவர்கூடப் பார்க்கவில்லை. காதர் பாய் உருளைக்குப் பக்கத்தில் நின்றபடி என்னை ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அவ்வளவு சிரிக்கவைத்த பிறகு அந்தச் செட்டுக்கே எப்படிக் கோப்பை கொடுப்பது? மயிலுக்குக் கொடுத்தேன். இரண்டு பெரியவர்களும் தலையாட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் மனசு கேட்காமல் மைதானத்துக்குப் போனேன். திருவிழா முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது, காதர் பாயின் மழை செட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேகம், மின்னல், மழை, உடனே பச்சை. நடுவில் இருட்டு இல்லை. யாரும் சிரிக்கவில்லை, யாரும் நின்று பார்க்கவும் இல்லை. வெறும் மரத்தின் மேல் புதுத் தகடு பளபளத்தது.

"மாஸ்டர் சொன்னீங்கன்னு தகடு அடிச்சிட்டேங்க. இப்ப சரியா இருக்குதுங்களா?" என்றார். குத்தலாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை. நிஜமாகவே கேட்டார். அவர் சம்சாரம் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தார், விரலில் பச்சை இன்னும் போகவில்லை. உருளைக்குப் பக்கத்திலேயே குறடு கிடந்தது. மிஞ்சிப்போனால் பத்து ஆணி. பிடுங்க ஐந்து நிமிஷம் ஆகாது. "நான்தான் பாய் தப்புப் பண்ணிட்டேன், எடுத்துருங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இப்ப நல்லாருக்குது பாய்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடித்தேன்.

அடுத்த சீசனுக்கு அவர் பழையபடி சேலத்துக்காரரிடமே ஆளாகப் போனார். அப்புறம் கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை. தெரிந்தால் போக வேண்டியிருக்குமே.

இன்று காலை யாழினியிடம் அந்த விளக்குக் கடைப் பக்கத்தை இன்னொரு தடவை காட்டச் சொன்னேன். திறந்தாள். திறந்ததுமே விளக்குகள், பளிச்சென்று, வரிசையாக.

"இருட்டு எங்கம்மா?"

"நீங்க சொன்னீங்கன்னு எடுத்துட்டேங்க பெரியப்பா. இப்ப நல்லாருக்குதுங்களா?"

"நல்லாவே இல்ல. நான் வாய்க்கொழுப்புல பேசிட்டேன். திருப்பி வையி" என்றேன். நான் அப்படிப் பேசிக் கேட்டிராத பெண் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, இரண்டு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான் வேலை.

மர உருளைகள் இப்போது எங்கும் கிடையாது. விளக்குகள் ரோலாக வருகின்றன, விரித்து மாட்டினால் போதும். அந்த மைதானத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. ஜெனரேட்டர் இருப்பதால் அங்கே கரன்ட் போனால்கூடக் கத்துவதற்கு யாருமில்லை. காதர் பாய் இருக்கிறாரா என்பதும் எனக்குத் தெரியாது.

திரை கறுத்தது. மனசுக்குள் எண்ணினேன். மூன்றிலேயே சுடர் வந்துவிட்டது.

"அவசரப்படாதம்மா, பத்து வரைக்கும் இருட்டா இருக்கட்டும்" என்றேன்.

"அவ்ளோ நேரமா? ஆளுங்க போயிருவாங்க பெரியப்பா."

"போனா போகட்டும். நான் உக்காந்திருக்கேன்."