எட்டு ஒன்ஸ்மோர்

வயிற்றில் புளியைக் கரைப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. தபால்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தினால் கரைக்கும். தாசில்தார் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கரைக்கும். ஆனால் எழுபதுகளின் நடுவில் ஒரு முறை, ஒரு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை, விடாமல் கரைத்தது. அதற்கெல்லாம் காரணம் என் சிநேகிதனின் வாய்தான் என்று அப்போது நினைத்திருந்தேன்.

சிநேகிதன் தையல்காரன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் கடை வைத்திருந்தான். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் கடையில் ஒரு கதவு மட்டும் திறந்திருக்கும், மிஷின்மேல் உறை போட்டிருக்கும். துணி வெட்டும் மேஜையைச் சுற்றி நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்துகொள்வோம். எல்லோரும் நாடகப் பைத்தியங்கள். ராஜபார்ட் என்றால் கதாநாயகன் வேடம் கட்டுபவர், ஸ்திரீபார்ட் என்றால் கதாநாயகி. எந்த ராஜபார்ட் எந்தத் திருவிழாவில் எந்தப் பாட்டை எப்படி இழுத்தார், எந்த ஸ்திரீபார்ட் எதிர்ப்பாட்டுப் பாடி அவரைத் திணறடித்தார் என்பதுதான் பேச்சு. யோசித்துப் பார்த்தால் நாங்கள் நாடகம் பார்த்த நேரத்தைவிட, பார்த்ததைப் பேசிய நேரம்தான் அதிகம்.

தையல்காரனிடம் ஒரு கதை இருந்தது. மாதம் ஒரு முறையாவது அதைச் சொல்லாமல் விடமாட்டான். பதினைந்து வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது நாங்கள் இருவரும் வாலிபர்கள், ஒரு ராஜபார்ட்டின் வெறியர்கள். அவருக்குப் போட்டியாகக் கடற்கரைப் பக்கத்திலிருந்து இன்னொருவர் கிளம்பி வந்தார். ஐந்தரைக் கட்டைச் சாரீரம், மைக் தேவையில்லை, கடைசி வரிசைக்குக் கேட்கும். அவருக்குத் திருக்கழுக்குன்றம் திருவிழாவில் நாடகம் என்றதும் எங்களுக்குப் பொறுக்கவில்லை. ஐந்து பேர் போய் முன்வரிசையில் உட்கார்ந்தோம்.

நாடக மேடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ராஜபார்ட் திரைக்குப் பின்னாலிருந்தே பாட்டை எடுத்து, பாடிக்கொண்டே மேடைக்கு வருவார். முடித்ததும் வலது காலை முன்வைத்து, ஜனங்களைப் பார்த்து நிற்பார். அந்தப் பாட்டுக்கு ஜனங்கள் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டால் மறுபடி பாடியே ஆகவேண்டும். மாட்டேன் என்றால் திமிர் பிடித்தவன் என்று பேர் வந்துவிடும், அடுத்த வருஷம் அந்த ஊரிலிருந்து தாம்பூலம் வைத்து அழைக்க வரமாட்டார்கள். நாங்கள் அதைத்தான் பிடித்துக்கொண்டோம். பாட்டு முடியும் முன்பே ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்தினோம். அவர் கும்பிட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய் முதலிலிருந்து பாடிக்கொண்டு வந்தார். மறுபடி கத்தினோம். எட்டு முறை. நாடகத்தின் பாதியில் அவருக்குத் தொண்டை அடைத்துப் போய், மீதியை பபூன் வந்து சமாளித்தார். அதற்குப் பிறகு அந்த ராஜபார்ட்டை நாங்கள் எந்த மேடையிலும் பார்க்கவில்லை. தையல்காரன் இதைச் சொல்லி முடிக்கும்போது கடையே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை யாரோ அதே ராஜபார்ட்டின் பாட்டை முணுமுணுத்தார்கள். தையல்காரன் தன் கதைக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அதற்குள் சந்தில் போய்க்கொண்டிருந்த மீன்காரம்மா ஒருத்தி கூடையோடு வாசலில் நின்றுவிட்டாள். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“அது எங்க நைனா பாட்டாச்சே. உங்களுக்கு எப்படி அண்ணாத்த தெரியும்?”

அவளே மேலும் சொன்னாள். “அந்த ராஜபார்ட்டு எங்க நைனாதான். மகாபலிபுரத்தாண்ட குப்பத்துல எங்க வூட்லதான் கீறாரு. திருக்கழுக்குன்றத்துல ஒரே பாட்ட எட்டு தபா திரும்பப் பாட வெச்சாங்களாம், ஜனம் வுடலியாம். அன்னிக்குப் போன தொண்டதான். போனா போவுது, அந்த மாதிரி ஜனம் எவனுக்கு வாய்க்கும்னு சொல்லிகினே இருப்பாரு.”

தையல்காரன் என்னைப் பார்த்தான். நான் கத்திரிக்கோலைப் பார்த்தேன்.

“எங்க வூட்டுக்காரரு நம்ப மாட்டேன்றாரு,” என்றாள். “தொண்ட கட்டினவன்லாம் ராஜபார்ட்டான்னு நக்கலு. குப்பத்துல அல்லாரும் அவரப் பாத்தா எட்டு எட்டுன்னு சிரிக்கிறாங்க. நைனாக்கு ஒடம்பு முடியல. இப்ப அதான் பெரிய பேஜாரு, சோறு கூட எறங்கல. உங்கள்ல யார்னா அன்னிக்கு இருந்தீங்களா?”

“நானும் இவனும் இருந்தோம்,” என்று தையல்காரன் சொல்லிவிட்டான்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை வந்து, தன் புருஷன் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் போதும் என்றாள். வருகிறோம் என்றோம். வேறு என்ன சொல்வது?

அவள் சந்து திரும்பியதும் தையல்காரன் சொன்னான், “அவர்கிட்ட உண்மையச் சொல்லிடணும் மச்சான். நம்மளாலதான் அவரு பொழப்பு போச்சு. கால்ல வுழுந்துடலாம்.”

எனக்குப் பகீரென்றது. இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லிச் சிரித்தவனுக்கு ஒரே நிமிஷத்தில் ஞானோதயம். அவன் காலில் விழுந்து பாவத்தைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடுவான், அந்த மனுஷனுக்கு மிச்சம் என்ன இருக்கும்? குரல் போனது பிரியத்தால் என்று நினைத்துத்தானே இத்தனை வருஷம் உயிரோடு இருக்கிறார். போனது பகையால் என்று தெரிந்தால்? இதை அவனிடம் திங்கட்கிழமை சொன்னேன், புதன்கிழமை சொன்னேன். அவன் பித்தான் தைத்துக்கொண்டே, “பொய்ய நம்பிகினு ஒருத்தர் சாவுறது நல்லதா?” என்று கேட்டான். வியாழக்கிழமை நான் ஆபீசில் ஒரு பட்டா நகலை ஆள் மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். சனிக்கிழமை சாப்பாடு இறங்கவில்லை. என் மனைவி, யாருக்கோ நடந்த நாடகத்துக்கு நீங்கள் ஏன் இப்படி வேர்த்து விறுவிறுத்துப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவளிடமும் முழுக் கதையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஞாயிறு காலை பஸ்ஸில் ஜன்னலோரம் அவன், பக்கத்தில் நான். திருக்கழுக்குன்றத்தில் கழுகு பார்க்க வந்த கூட்டம் மொத்தமும் ஏறி இறங்க, பஸ் வெகுநேரம் நின்றது. அவன் ஜன்னல் வழியாக ஒரு காலியிடத்தைக் காட்டி, “அங்கதானே மேடை போட்டிருந்தாங்க,” என்றான். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. “நீ வாயத் தொறக்காத. நானே பேசிக்கிறேன்,” என்றேன். “பாக்கலாம்,” என்றான். அந்தப் ‘பாக்கலாம்’ மகாபலிபுரம் வரை என் வயிற்றில் உருண்டது.

குப்பத்தில் மீன்காரம்மா எங்களை வழியிலேயே வந்து கூட்டிப்போனாள். கூரை வீடு. வாசலில் அவள் புருஷன் வலை பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாங்க என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தவர்கள் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நின்றார்கள். கயிற்றுக் கட்டிலில் ராஜபார்ட். நெற்றியில் விபூதி, பழைய பட்டு அங்கவஸ்திரம், எங்களுக்காக மீசையை முறுக்கி விட்டிருந்தார். மேடையில் ஆறடி உயரமாகத் தெரிந்த மனுஷர், என் தோளுக்குத்தான் இருப்பார் என்று அப்போதுதான் கண்டேன்.

“எங்க குந்தியிருந்தீங்க?” என்று கேட்டார். குரல் இல்லை, கரகரவென்று காற்று மட்டும்தான்.

“முன்வரிசையில் ஐயா,” என்றேன். பிறகு மளமளவென்று சொல்ல ஆரம்பித்தேன். நிறுத்தினால் தையல்காரன் புகுந்துவிடுவானே என்ற பயத்தில், திரையின் நிறம், ஆர்மோனியக்காரரின் கண்ணாடி என்று நினைவில் இருந்ததை எல்லாம் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தபோது நான் யாரிடமும் சொல்லியிராத ஒன்றும் வெளியே வந்துவிட்டது. நாலு முறை வரை கத்தியது நாங்கள் ஐந்து பேர்தான், அதை மட்டும் சொல்லவில்லை. ஐந்தாவது முறை அவர் அந்த மேல்சுரத்தில் போய் நின்றபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறாவதை மொத்த ஜனமும் கேட்டது. கடைசி இரண்டை நான் மனசாரக் கேட்டேன், அந்தப் பாட்டு முடிந்துவிடக் கூடாதே என்று கேட்டேன். தையல்காரன் வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

“ஆமாங்க,” என்று அவனும் ஆரம்பித்தான். “மொதல்ல ஒன்ஸ்மோர்னு கத்தினதே நாங்கதான். அது எதுக்குன்னா...”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவன் இரண்டு கையையும் பிடித்து இழுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கண்ணீர் மீசையில் இறங்கியது. “நீங்களா, நீங்களா,” என்றார். மருமகன் வலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, “மாமா, நான் தெரியாம பேசிட்டேன்,” என்றார். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து மாமனார் முதுகைத் தடவிக் கொடுத்ததைப் பார்த்து மீன்காரம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ஒரு வாரத்தில் முதல் முறையாக நிம்மதியாக மூச்சு விட்டேன்.

அப்போது கூட்டத்தில் ஒருவர், அப்படி என்னதான் பாட்டு, கொஞ்சம் கேட்கலாமே என்றார். மகள் வேண்டாம் என்று தலையசைத்தாள். அதற்குள் அவர் எழுந்துவிட்டார். மருமகன் தோளைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அங்கிருந்து பாட்டை எடுத்தார்.

தாளம் தப்பவில்லை. ஒவ்வொரு சொல்லும் அதன் இடத்தில் விழுந்தது. குரல்தான் இல்லை. மேலே போக வேண்டிய இடத்தில் கை மட்டும் மேலே போனது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு அடி வைத்து, ஒரு அடி பாடி, வெளிச்சத்துக்கு வந்தார். நடுவில் இருமல் பிடித்துக்கொண்டது. விட்ட இடத்திலிருந்து மறுபடி எடுத்து முடித்தார். முடித்ததும் வலது காலை முன்வைத்து, மார்பை நிமிர்த்தி, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். அப்படி நிற்பது எதற்கென்று அந்தக் குப்பத்தில் எவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டே பேர்.

பக்கத்தில் தையல்காரன் மூச்சை இழுப்பது கேட்டது. இவனுக்குத் தாங்கவில்லை, இப்போது காலில் விழப்போகிறான், எல்லாவற்றையும் கொட்டப்போகிறான் என்று நினைத்தேன். அந்தப் புடைத்த நரம்பைப் பார்த்தாலும் பயமாக இருந்தது. அவனை முந்திக்கொண்டு கத்திவிட்டேன்.

“போதும் ஐயா. போதும், வேணாம்.”

அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. எந்த ராஜபார்ட்டிடமும் எந்த ரசிகனும் சொல்லக் கூடாத வார்த்தை அது. முன்வைத்த காலை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். “செரியா வர்ல போல,” என்றார். கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர். மருமகன் மாமனாரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வலையை எடுத்துக்கொண்டார். மீன்காரம்மா எங்களுக்கென்று கட்டி வைத்திருந்த கருவாட்டுப் பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

சவுக்குத் தோப்பைத் தாண்டி பஸ் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தோம். எனக்கு அழுகையாக வந்தது, அவமானமாகவும் இருந்தது. கடைசியில் நான்தான் கேட்டேன், “நல்லவேளை, நீ சொல்றதுக்கு முன்னாடி நான் தடுத்தேன். இல்லேன்னா எல்லாத்தையும் சொல்லியிருப்ப, இல்ல?”

“இல்ல மச்சான்,” என்றான். “ஒன்ஸ்மோர்னு கேக்கத்தான் வாயத் தொறந்தேன்.”

பஸ் வந்தது. அவன் முன்வாசலில் ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஒருவருக்கு மட்டும் இடமிருந்த சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.