கேட்டில் தொங்கிய டாக்டர் போர்டு

மகளைச் சீனாவில் டாக்டருக்குப் படிக்க வைக்க நினைத்தோம். சீனமொழி சொல்லித்தர ஆள் தேடியபோது, நெய்வேலியில் பக்கத்து பிளாக் குவார்ட்டர்ஸிலேயே ஒரு பெண் கிடைத்தார். சீனாவில் மருத்துவம் படித்துத் திரும்பியவர். இங்குள்ள தகுதித் தேர்வில்தான் தேறவில்லை. படிக்க விமானம் ஏறிய அன்றே அவர் அப்பா மாட்டிய 'டாக்டர்' போர்டு கேட்டில் இன்னும் தொங்கியது.

சீனம் படிக்கப் பிள்ளைகள் வந்ததும் கீழிமையை இழுத்து ரத்தசோகை பார்ப்பார். பிறகுதான் பாடம். முதல் பாடமே, 'எங்கே வலிக்கிறது?'

"மொதல்ல வணக்கம் சொல்லித் தர மாட்டீங்களா?" என்றேன்.

"அங்க வார்டுல தினம் கேட்டதுங்க இது. இங்க கேட்டா போலி டாக்டர்னு புடிச்சிக்கினு போயிடுவாங்க."

சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை.

மகள் வீட்டில் அந்தக் கேள்வியைச் சத்தமாகச் சொல்லிப் பழகுகிறாள். அந்தப் பெண்ணிடம் அதைக் கேட்க எனக்குத் தமிழில்கூட வாய் வரவில்லை.