ஓரக்கண்ணால் பார்க்கச் சொன்னார் கடைக்காரர்

இரவுப் பேருந்து ஓட்டுகிறவருக்குத் தொலைநோக்கி எதற்கு என்று டிப்போவில் கேட்காத ஆள் கிடையாது. யார் என்ன கிண்டலடித்தாலும் மனிதர் அசரவில்லை. வானத்தின் ஆழத்தில் கிடக்கும் ஒளிமேகங்களைத் தன் கையால் படம் எடுத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அன்று மாலை வேலைக்குப் போகும் வழியில் மனைவியோடு தொலைநோக்கிக் கடைக்குள் நுழைந்தவர், இருந்ததிலேயே பெரிய குழாயின் முன்னால் நேராகப் போய் நின்றார். போகிற போக்கில் ஒரு முக்காலியையும் இடித்துத் தள்ளினார்.

"வீட்டுலயும் இதே கதைதான். கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றாள் மனைவி.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "சார், படம் எடுக்கறதுக்கு அது வேணாம். சின்னது போதும். கேமரா நிமிஷக்கணக்கா தொறந்தே இருக்கும். வானம் நகர நகர குழாயும் கூடவே திரும்பணும். அதைத் தாங்குற ஸ்டாண்டு துளி ஆடினாலும் நட்சத்திரம் எல்லாம் கோடா இழுத்துடும். நல்ல ஸ்டாண்டா பாத்து வாங்குங்க."

"பெருசுலதானே நல்லா தெரியும்?" பிடித்த பிடியை விடுவாரா அவர்!

கண்ணாலேயே பார்த்துத் தொலைக்கட்டும் என்று கடைக்காரர் பெரியது, சின்னது இரண்டு குழாயையும் மொட்டைமாடிக்கு ஏற்றினார். நன்றாக இருட்டியதும் பெரியதை ஆண்ட்ரோமீடா என்ற மங்கலான ஒளிமேகத்தின் பக்கம் திருப்பினார். மனைவி முதலில் குனிந்தாள்.

"ஐயோ, பஞ்சு மாதிரி என்னமோ இருக்குங்க!"

அவர் குனிந்தார். ஒரே கறுப்பு.

"நேரா பாக்காதீங்க சார். மங்கலா இருக்கறது ஓரக்கண்ணுக்குத்தான் சிக்கும். பார்வைய கொஞ்சம் தள்ளி வைங்க."

இடப்பக்கம் தள்ளினார், வலப்பக்கம் தள்ளினார். அப்போதும் கறுப்புதான். "மூடிய கழட்டினீங்களா?" என்று சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. சின்ன டார்ச் ஒன்றை எரியவிட்டு அவர் காதருகே பிடித்தார்.

"எதிர் சுவரையே பாருங்க. வெளிச்சம் தெரிஞ்சதும் சொல்லுங்க."

டார்ச் மெதுவாக முன்னால் வந்தது. கன்னத்தைத் தாண்டி, ஏறக்குறைய மூக்குக்கு நேரே வந்த பிறகுதான் அவர் "ஆங், தெரியுது" என்றார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. மொதல்ல ராத்திரிப் பார்வை, அப்புறம் ஓரம். உடனே கண் டாக்டர்கிட்ட போங்க சார்."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன வாரம், இடப்பக்கத்திலிருந்து திடீரென்று முளைத்தான் என்று ஒரு சைக்கிள்காரனை வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தார். அவன் எங்கே முளைத்தான்? பாவம், அவன் அங்கேயேதான் வந்துகொண்டிருந்திருக்கிறான். முகப்பு விளக்கு காட்டிய நேர்சாலை மட்டும் தெரிந்ததால் இத்தனை நாள் ஓட்டம் ஓடியிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அந்தச் சின்னதையே கட்டி வைங்க. கேமராவாவது பாக்கட்டும்" என்றார். பிறகு டிப்போவில் வண்டி ஒதுக்கும் நண்பனுக்கு ஃபோன் போட்டார்.

"இன்னைக்கு என் வண்டிய வேற ஆளுக்குக் குடுடா."

"ஏன், காய்ச்சலா? நாளைக்கு வந்துடுவல்ல?"

"இல்லடா. ஓரம் கண்ணு தெரியாமலே எத்தனை பேர பின்னால உக்கார வெச்சு ஓட்டியிருக்கேன். ராத்திரி வண்டிய இனிமே எங்கிட்ட குடுக்காத."