ஜன்னலில் மறைத்த மலை

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். நான் வாராவாரம் ஒரு மலையையே மறைத்துக்கொண்டிருந்தேன்.

வேறு சாதிக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, கீழக்குயில்குடியில் ஒரு வாடகை வீட்டில் நாங்கள் ஒளிந்திருந்த காலம் அது. எங்கே இருந்தாலும் தேடிப்பிடித்து இரண்டு பேரையும் வெட்டுவேன் என்று அலங்காநல்லூரில் என் அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்திருந்தது. அண்ணன் சொன்னால் செய்கிற ஆள். சின்ன வயதில் அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

கணவர் வேலைக்குப் போனதும் உள்ளே தாழ் போட்டுக்கொள்வேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பயம் ஆளைத் தின்றது. அதனால் போனில் சமையல் வீடியோ எடுத்து நெட்டில் போட ஆரம்பித்தேன். முகம் கிடையாது, பேச்சு கிடையாது, கைகள் மட்டும்தான். ஆனால் அடுப்புக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னல் நிறைய சமணர் மலை. மதுரைக்காரர் யார் பார்த்தாலும் ஊரைச் சொல்லிவிடுவார்கள். ஜன்னலைச் சாத்தினாலோ வெளிச்சம் போதாது. எடிட்டிங் ஆப்பில் ஜன்னலின் மேல் ஒரு கட்டம் போட்டு, மலை மங்கிப்போகும்வரை பிளரைக் கூட்டுவேன். போன் ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும், மலையும் எங்கேயும் போகாது. ஒரு முறை போட்ட கட்டம் கடைசிவரை போதும். ஏற்றுவதற்கு முன்னால் மூன்று தடவை சரிபார்ப்பேன், ஜன்னலை மட்டும்.

ஒரு நாள் மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றேன்.

"அம்மா வந்திருக்கேன்த்தா."

குரல் அம்மாவுடையதுதான். பின்னால் யார் நிற்கிறார்கள்?

"பக்கத்து வீட்டுப் பிள்ள போன்ல பாத்தேன். மணிக்கட்டுத் தழும்பப் பாத்ததுமே நீதான்னு தெரிஞ்சுபோச்சு. நீ குழம்பு வச்ச சட்டியில பேரும் ஊரும் வெட்டியிருக்கு. அந்தப் பேரக் கேட்டுக்கிட்டேதான் வந்தேன்."

அந்த எவர்சில்வர் சட்டி வீட்டுக்கார அம்மாவிடம் இரவல் வாங்கியது. கொடுத்த பாத்திரம் வீடு வந்து சேரவேண்டும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் அதில் பேரும் ஊரும் வெட்டிவைப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற எழுத்து, அதனாலேயே என் கண்ணில் படவில்லை. மலையை மறைத்த புத்திசாலி, விலாசத்தை அடுப்பில் ஏற்றி வைத்திருந்தேன்.

"அண்ணன் இன்னும் பாக்கல. அத அழிச்சிரு. இன்னைக்கே வேற எங்கிட்டாவது போயிருங்க." பிறகு, "ஒரு தடவ மொகத்தக் காட்டுத்தா. ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்" என்றாள்.

கை தாழ்ப்பாள்வரை போனது. அம்மா பொய் சொல்லமாட்டாள் என்று தெரியும். அவளுக்குத் தெரியாமலே யாராவது பின்னால் வந்திருக்கலாம் என்பதும் தெரியும். அண்ணனே அவளை அனுப்பியிருந்தால்? பெற்றவளைப் பற்றி அப்படியும் நினைத்தேன்.

வெகுநேரம் கழித்து, "சரி, தொறக்காத. அதான் நல்லது" என்றாள். செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது.

வீடியோவை அழித்துவிட்டு, சாயங்காலமே வீட்டைக் காலி செய்தோம். அம்மாவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அன்றும் பார்க்கவில்லை.