பதினேழாம் நம்பரின் வெள்ளிக்கிழமை

எங்கள் வகுப்பில் யாருக்கும் பெயர் கிடையாது. நாற்பத்திரண்டு பேருக்கும் வருகைப் பதிவேட்டு எண்தான் பெயர். "ஏய் ஆறு, பேனா குடுடா", "இருவத்தி நாலு இன்னிக்கு லீவு மிஸ்" என்றுதான் பேச்சு. திண்டிவனத்தில் பிளஸ் டூ படித்த அந்த வருடம் முழுக்க நான் முப்பத்தொன்பது. இப்போது விழுப்புரத்தில் வேலை, வீடு, பிள்ளை என்றான பிறகும், வங்கியில் டோக்கன் எண் முப்பத்தொன்பது என்று கூப்பிட்டால் அது என் டோக்கனாக இல்லாவிட்டாலும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எங்களுக்குப் பாட்டு. டைம் டேபிளில் இருந்தது நீதிபோதனை. அதை எங்கள் வணிகவியல் மிஸ் தலையில் கட்டியிருந்தார்கள். "உங்களுக்கு நீதி சொல்ற வயசு எனக்கு இன்னும் வரல. ஆளுக்கு ஒரு பாட்டு கொண்டாங்க, கேக்கலாம்" என்றார் முதல் நாளே. சோப்பு டப்பா அளவில் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்துக்குள் போன் கூடாது என்பதால், பாட்டை மெமரி கார்டில் ஏற்றி வந்து அதில் சொருக வேண்டும். பதிவேட்டு வரிசைப்படி வாரத்துக்கு ஒருவர். பாட்டு முடியும்வரை யாரும் சிரிக்கக் கூடாது. முடிந்ததும், அது ஏன் பிடிக்கும் என்று கொண்டு வந்தவர் எழுந்து சொல்ல வேண்டும்.

ஒன்று ஆடி மாத அம்மன் பாட்டைப் போட்டான். பெஞ்சுக்கு அடியில் எல்லோருடைய காலும் ஆடியது. நான்கு ஒரு கர்நாடக சங்கீதக் கீர்த்தனை கொண்டு வந்தாள், முழுசாக எட்டு நிமிடம். முடிந்ததும் தாளம் எப்படிப் போடுவது என்று மிஸ் கேட்க, அடுத்த திங்கள்கிழமை அக்கவுண்டன்சி வகுப்பில் பாதிப் பேர் தொடையில் தட்டிக்கொண்டிருந்தோம். ஒன்பது, இறந்துபோன தன் நண்பனுக்காகத் தெருப் பையன்கள் பாடிய கானாவைப் போட்டுவிட்டு ஏன் பிடிக்கும் என்று சொல்ல முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டான். பன்னிரண்டு தேர்தல் பிரச்சாரப் பாட்டைக் கொண்டு வந்தான். அவன் அப்பா மைக் கட்டிய ஆட்டோ ஓட்டுகிறவர். "எந்தக் கட்சின்னு பாக்காதீங்க மிஸ், மெட்டப் பாருங்க" என்றான். சிரிக்கக் கூடாது என்ற சட்டத்தை முதலில் மீறியவர் மிஸ்தான்.

நான் ஒவ்வொரு வாரமும் உதட்டைச் சுழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் அண்ணன் விழுப்புரத்தில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அவன் போனிலிருந்து இங்கிலீஷ் பாட்டுகளை எடுத்துக் கேட்கிற பழக்கம் எனக்கு வந்திருந்தது. கிடார் கிழிகிற பாட்டுகள். என் முறை வரட்டும், இந்தக் கூட்டம் வாயைப் பிளந்துகொண்டு உட்காரப் போகிறது என்று ஒரு கர்வம். குறைகுடம் தளும்பும் என்பார்களே, என்னைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் என் முறை வருகிற வழியைக் காணோம். வெள்ளிக்கிழமைகளைப் பரீட்சை தின்றது, விளையாட்டு விழா தின்றது, மழை தின்றது. விழுப்புரம் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை என்று டிவியில் ஓடும்போது ஊரே குதிக்கும், அது வெள்ளிக்கிழமையாக இருந்தால் நான் மட்டும் அழாத குறையாக உட்கார்ந்திருப்பேன். பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது பதினைந்தாவது ஆள்தான் ஆகியிருந்தது. அன்று வீட்டுக்கு வந்து தினசரி காலண்டரைப் புரட்டி எண்ணினேன். இன்னும் ஏழு வெள்ளிதான். இருபத்திரண்டோடு கதை முடிந்தது. முப்பத்தொன்பது என்பது வரவே வராத எண்.

பதினேழு என் பெஞ்சுக்காரி. மரக்காணத்துக்குப் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வருகிறவள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். நாங்கள் இருவரும் ஒரே மரக்காணம் பஸ்ஸில்தான் போவோம், பாதி வழியில் நான் இறங்கிவிடுவேன். அதிகம் பேசமாட்டாள். மெமரி கார்டை ஒரு துண்டு பேப்பரில் மடித்து ஜாமெட்ரி பாக்ஸில் வைத்திருந்தாள். அதில் என்ன பாட்டு என்று நான் கேட்டதில்லை. எனக்கு எதற்கு?

மறுநாள் பஸ்ஸில் கேட்டேன். "உன் டர்ன எனக்குக் குடுடீ. என்னோட முப்பத்தொம்போத நீ வச்சிக்கோ."

மடியிலிருந்த ஜாமெட்ரி பாக்ஸை ஒரு தடவை திறந்து மூடினாள். பிறகு, "முப்பத்தொம்போது வருமா?" என்றாள்.

"ஏன் வராம? எல்லாருக்கும் வரும்னு மிஸ்ஸே சொல்லிக்கினு இருக்காங்க."

"சரி, எடுத்துக்கோ" என்றாள். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தேதான் சொன்னேன். இன்றுவரை அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு வாய் வரவில்லை.

முறையை மாற்றிக்கொண்டோம் என்று மிஸ்ஸிடம் சொல்லிவைத்தோம். என் வெள்ளிக்கிழமை வந்தது. பாட்டு நான்கரை நிமிடம். யாரும் வாயைப் பிளக்கவில்லை. சட்டத்துக்குக் கட்டுப்பட்டு மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். ஏன் பிடிக்கும் என்று மிஸ் கேட்டார். "வேற லெவல் மிஸ் இது" என்றேன். "பாட்டுல இன்னா சொல்றாரு?" என்று கேட்டார். தெரியவில்லை. "சரி, கேக்கும்போது உனக்கு எப்படி இருக்கும்?" அதுவும் தெரியவில்லை. பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "கரண்ட் வந்தவொடனே மிக்ஸி தானா ஓடுமே, அந்த மாதிரி இருக்குது மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. மிஸ் அவனை அதட்டினார், ஆனால் மூக்கு உடைபட்டது உடைபட்டதுதான். அந்தப் பாட்டில் எனக்குப் பிடித்திருந்தது ஒன்றே ஒன்று. அது அங்கே வேறு யாருக்கும் தெரியாது என்பது.

அதன் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள்தான் கொடுமை. பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று வரிசை நகர்ந்தது. பதினேழு ஒவ்வொரு வாரமும் அந்த ஜாமெட்ரி பாக்ஸோடு வந்தாள். மிஸ்ஸிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவளுக்கு ஒரு வாரம் ஒதுக்கியிருப்பார். சொன்னால் நான் ஏமாற்றியது தெரிந்துவிடும். இந்த வாரம் சொல்லிவிடலாம், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நாளைக் கடத்தினேன். பதிவேட்டில் பதினேழுக்கு நேராக டிக் விழுந்து கிடந்தது.

கடைசி வெள்ளி இருபத்திரண்டோடு முடிந்தது. மணி அடித்த பிறகும் மிஸ் நாற்காலியை விட்டு எழவில்லை. "பாதிப் பேரோட பாட்ட நான் கேக்கவே இல்ல. எல்லாருக்கும் வரும்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன், மன்னிச்சிக்கோங்கப்பா" என்றார். அவர் தெரியாமல் சொன்னவர். நான் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னவள்.

கடைசி நாள் என்பதால் அன்று எல்லோரும் போட்டோ எடுக்கத் திருட்டுத்தனமாகப் போன் கொண்டு வந்திருந்தார்கள். பதினேழும் அவள் அம்மாவின் பட்டன் போனை எடுத்து வந்திருந்தாள். பஸ்ஸில் சினிமாப் பாட்டு அலறியது. என் ஊர் நிறுத்தத்தில் நான் இறங்க, அவளும் கூடவே இறங்கினாள். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"முப்பத்தொம்போது வராதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டீ. காலண்டர்ல எண்ணிப் பாத்துட்டுதான் உன்கிட்ட கேட்டேன்."

"எனக்கும் தெரியும்" என்றாள். "எங்க வூட்லயும் காலண்டர் இருக்குது."

"அப்புறம் ஏன் குடுத்த?"

"நீ ரொம்ப ஆசப்பட்ட. எப்பவாச்சும் நீயே வந்து சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசித் தப்பித்திருப்பேன். அன்று மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தால் நினைவிருக்கும்.

நிறுத்தத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மெமரி கார்டைப் போனில் போட்டு, இயர்போனில் ஒரு பக்கத்தை என்னிடம் கொடுத்தாள். முதலில் காக்கை கத்தியது. பிறகு கத்தியால் மீன் செதில் சுரண்டும் சத்தம். அதற்கும் பின்னால், எங்கேயோ ஒரு அறைக்குள் யாரோ பியானோ வாசித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அம்மா கூடையோடு இரும்பை கிராமத்துப் பக்கம் போவாராம். அங்கே ஒரு வெளிநாட்டுக்காரர் வீட்டுக்கு வாராவாரம் மீன். அம்மா சுத்தம் செய்து கொடுக்கும்வரை இவள் மதிலோரமாக நிற்பாளாம். அப்படி நின்றபோது பதிவு செய்தது.

வாசிப்பு மெதுவாக ஏறியது. ஓர் இடத்தில் விரல் தடுக்கி நின்றது. மறுபடி முதலிலிருந்து.

"இந்த எடத்த தாண்டவே மாட்டாங்க" என்றாள். "ஆறு மாசமா கேட்டுக்கினு இருக்கேன். ஒவ்வொரு வாரமும் இங்கதான் உழுவாங்க."

மிஸ் கேட்க வேண்டியதை நான் கேட்டேன். "ஏன் புடிக்கும்?"

கேட்பார்கள் என்று எப்போதோ தயாராக வைத்திருந்தவள் போல, எழுந்து நிற்காத குறையாக, நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாள். "யாரும் கேக்கலன்னு நெனச்சிக்கினு வாசிக்கிறாங்க இல்ல, அதான். தப்பானாலும் வுடாம திரும்ப வாசிக்கிறாங்க."

மூன்றாவது தடவையும் அதே இடத்தில் தடுக்கியது. பதிவு அதோடு முடிந்தது. பஸ் வந்தது, அவள் ஏறிப் போய்விட்டாள். அவள் வெள்ளிக்கிழமையை நான் வாங்காமல் இருந்திருந்தால், அதைக் கேட்க நாற்பத்திரண்டு பேர் சிரிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். நான் ஒருத்திதான் கேட்டேன்.